உறைந்த தோலை உருக்கிப் பாடம் செய்வது: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்ரீத் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனால் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். ஃப்ரீசரில் ஓர் ஆட்டுத்தோல் கிடக்கும், இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் சத்தம் போட்டிருப்பார்கள். விலங்கியல் மாணவர்கள், முயல் வளர்ப்பவர்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த (உயிரோடு நிற்பதுபோலத் தோலைப் பதப்படுத்தி நிறுத்திய) விலங்குகளைப் பார்த்து ஆசை வந்தவர்கள் என்று ஆள் மாறுமே தவிர சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

பாடம் பண்றதும் தோல் பதனிடறதும் ஒண்ணுதானே அண்ணா?

கொஞ்ச தூரம் ஒரே வழி, அப்புறம் பிரிந்துவிடும். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுகிறவர் முதல் வேலையாகச் சுண்ணாம்பு போட்டு முடியைக் கழற்றுகிறார். நமக்கோ முடி தங்க வேண்டும். காது, உதடு, இமை, குளம்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே உடல் வடிவில் செய்த அச்சு வைத்து, விலங்கு நின்ற மாதிரியே நிறுத்த முடியும்.

சென்னை தோலுக்குப் பழகிய ஊர்தான். பெரியமேட்டில் தோல் வியாபாரம், அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் தொழிற்சாலையால் பெயர் வந்த குரோம்பேட்டை. ஆனால் தோல் தொழிலில் இருக்கும் நண்பர் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "இதில் முடி நிற்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரோட்டுல அடிபட்டுச் செத்த கீரி, மயில் எல்லாம் எடுத்து வெச்சுக்கலாமா? நான் கொல்லலையே.

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், செத்துக் கிடந்தாலும் காட்டு விலங்கு அரசின் சொத்து. இறந்ததை எடுத்துவந்து ஃப்ரீசரில் வைத்தால் ஆதாரத்தை நீங்களே பத்திரப்படுத்திய மாதிரி ஆகும். 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்கிற அட்டவணைகளை நிறையவே மாற்றிவிட்டது. பழைய பட்டியலைக் காட்டி "இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கீழே வரும் பதில்கள் எல்லாம் வெள்ளாடு, செம்மறி, வளர்ப்பு முயல் போன்ற வீட்டு விலங்குகளுக்கு மட்டும்.

கறிக்கடையில தோல் வாங்கும்போது என்ன சொல்லணும்?

மூன்று விஷயம். தலையையும் காலையும் தீயில் வாட்டக் கூடாது. தலைக்கறிக்கும் கால் சூப்புக்கும் வாட்டுவது கடைக்காரருக்கு அனிச்சைச் செயல், முன்கூட்டியே சொல்லாவிட்டால் முகத்து முடி போய்விடும். உரித்த தோலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அழுகல் சீக்கிரம் தொடங்கும். உரித்ததைத் தரையில் மற்ற தோல்களோடு குவித்து வைக்காமல் உடனே கொடுக்க வேண்டும். அதிகாலையிலேயே பெரம்பூர், சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிப் (ஆடு அறுக்கும் கூடம்) பக்கம் போகிறவர்களுக்கு நல்ல தோல் கிடைப்பதற்குக் காரணம் இந்த நேரக் கணக்குதான்.

சென்னையைச் சுற்றி வளர்க்கப்படும் மெட்ராஸ் சிவப்பு ஆடு கிடைத்தால் விடாதீர்கள். செம்மறிதான், ஆனால் கம்பளி இல்லாமல் குட்டையான செம்பழுப்பு முடி. கற்றுக்கொள்ள நல்ல தோல், கத்தி போகும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

ஃப்ரீசர்ல இருந்தா எத்தனை மாசம் ஆனாலும் கெடாதில்ல?

குளிர் அழுகலை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே போகும்போது இருந்த கேடு வெளியே வரும்போதும் அப்படியே இருக்கும். முடி நல்ல வெப்பத்தடுப்பு. தோலை முடி உள்பக்கமாக இருக்கும்படி கெட்டியாகச் சுருட்டி வைத்தால் நடுப்பகுதி உறைய நெடுநேரம் ஆகும். வெளியே கல்லாக இருக்கும்போது நடுவே அழுகல் நடந்துகொண்டிருக்கும். சதைப்பக்கம் (முடி இல்லாத உள்பக்கம்) சதைப்பக்கத்தோடு சேரும்படி மடித்து, தட்டையாக, இரண்டு உறை போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி வைப்பதே சரி.

இன்னொன்று, ஃப்ரீசர் தோலை உலர்த்தும். காது நுனி, மூக்கு, உதடு, விரலிடுக்கு எல்லாம் மஞ்சளாகி விறைத்துவிடும். உலர்ந்த இடத்தில் உப்பும் இறங்காது, பிறகு ஊறவைக்கும் அமிலக் கரைசலும் இறங்காது. வீட்டு ஃப்ரீசர் என்றால் ஆறு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்பேன்.

சரி, எப்படி உருக்கணும்? வெளிய எடுத்து வெச்சா தானா உருகிடாதா?

உருகும். அதுதான் பிரச்சினையே. கட்டி முழுக்க ஒரே நேரத்தில் உருகுவதில்லை. மெல்லிய வயிற்றுத்தோல், காது, கால் நுனி எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். கழுத்து மடிப்பு உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். நடுப்பகுதி உருகட்டும் என்று 33 டிகிரிச் சமையலறையில் காத்திருந்தால் ஓரங்களில் முடி கழலத் தொடங்கியிருக்கும். உருகும் நேரத்தைக் காத்திருக்கும் நேரமாக நினைக்காதீர்கள். வேலை அப்போதே ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே உப்பு, கத்தி, கையுறை, பலகை, பழைய துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு தோலை எடுங்கள். ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, உறையோடு, ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றுங்கள். 4 டிகிரியில் மடித்த ஆட்டுத்தோல் இளக ஒரு நாள் ஆகும், கனமாக மடித்திருந்தால் ஒன்றரை நாள். முயல் தோலுக்கு ஓர் இரவு போதும். சனிக்கிழமை வேலை என்றால் வெள்ளி காலையிலேயே மாற்றிவிடுங்கள்.

பாதியில் ஒருமுறை திறந்து பாருங்கள். மடிப்பு நொறுங்கும் சத்தம் இல்லாமல் பிரிந்தால் பிரித்து வையுங்கள். சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். உறைந்த காதை வளைத்தால் குருத்தெலும்பு உடையும், ஒட்டவே முடியாது. பிரிந்த பகுதி ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும். நடுவில் லேசாகப் பனி இருக்கும்போதே வெளியே எடுத்து, இளகிய ஓரத்திலிருந்து சதை எடுக்க (தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழிக்க) ஆரம்பித்துவிடலாம். நடுவுக்கு வரும்போது அதுவும் இளகியிருக்கும். கொஞ்சம் குளிர்ந்த கொழுப்பு கெட்டியாக, கத்திக்கு நன்றாகவே வரும்.

அவ்வளவு நேரம் இல்ல சார். வெந்நீர், மைக்ரோவேவ், மொட்டை மாடி வெயில்?

மூன்றும் வேண்டாம். தோலின் பலமே கொலாஜன் என்கிற நார்ப்புரதம். சூடு பட்டால் அது சுருங்கிவிடும். பாயா அடுப்பில் பிசுபிசுப்பாவதும் இதே கொலாஜன் கரைவதால்தான். மைக்ரோவேவ் ஓர் இடத்தை வேகவைத்துவிட்டு இன்னோர் இடத்தைக் கல்லாக விட்டுவிடும். மாடி வெயிலில் மேல்பக்கம் காய்ந்து ஓடாகும், உள்ளே அழுகும், காக்காயும் வரும்.

நிஜமாகவே அவசரம் என்றால் குளிர்ந்த உப்புத்தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு கரைத்து, ஐஸ்கட்டி போட்டு, தோலை உறையிலிருந்து எடுத்து முழுக்க அமுக்குங்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் இளகும். இளகியதும் எடுத்துவிட வேண்டும், இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. கேன் தண்ணீர்தான்.

உறைஞ்சு போச்சுன்னா கிருமியெல்லாம் செத்திருக்குமே, கிளவுஸ் எதுக்கு?

சாகாது. ஃப்ரீசர் நிறைய கிருமிகளைத் தூங்கத்தான் வைக்கிறது. முக்கியமாக அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ். அதன் வித்துகள் குளிரையும் உப்பையும் உலர்வையும் தாண்டி வருடக்கணக்கில் பிழைக்கும். தோலிலும் கம்பளியிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பழைய காலம் தொட்டே வந்த நோய் இது. நன்றாக இருந்த ஆடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்திருந்தால் அந்த உடலைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாகச் செத்த ஆட்டின் தோலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நலமாக இருந்து அறுக்கப்பட்ட ஆடு என்றால் சாதாரண கவனம் போதும்: முழுக்கையுறை, மூடிய செருப்பு, உலர்ந்த தோலைச் சீவும்போது முகக்கவசம். கையில் வெட்டு இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். வேலை முடிந்து சில நாளில் கையில் வலியே இல்லாத கொப்புளம் வந்து நடுவில் கருப்பாகப் பொருக்கு தட்டினால் டாக்டரிடம் போங்கள், "ஆட்டுத்தோலில் வேலை செய்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தத் திசையில் யோசிப்பார்கள்.

வீட்டு ஃபிரிட்ஜ்ல, சாப்பாட்டோட வைக்கலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால், இறுக்கமாக மூடும் டப்பாவில், கீழ்த்தட்டில். சொட்டினால் தயிர் மேல் சொட்டக் கூடாது. அந்த டப்பா பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் வைக்கவே வேண்டாம்; ஆட்டிலிருந்து வரும் சில நோய்கள் அவர்களுக்கு மோசமானவை. பழைய சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிப் பால்கனியில் போடுவது வீட்டு அமைதிக்கும் நல்லது.

பிரிச்சுப் பார்த்தா லேசா வாசம் வருது. கெட்டுப்போச்சா?

ஆட்டுவாடை வேறு, அழுகல் வாடை வேறு. மூக்கை மட்டும் நம்பாமல் முடியை இழுத்துப் பாருங்கள். வயிறு, தொடை இடுக்கு, காது ஓரம், உதட்டோரம் ஆகிய நான்கு இடங்களில் ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒன்றிரண்டு இழை வந்தால் சாதாரணம். கொத்தாக வந்து, வேரோடு மெல்லிய வெள்ளைத் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தால் மேல்தோல் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சதைப்பக்கம் பச்சையோ நீலமோ தட்டியிருந்தால் அந்த இடத்தில் நிச்சயம் முடி நிற்காது.

கை அகலத்துக்கு ஒரு திட்டு, அதுவும் வயிற்றில் என்றால் உடனே சதை எடுத்து உப்பைப் போட்டுக் காப்பாற்றலாம். அந்த இடம் தையலுக்குள் போய்விடும். முகத்தில் போயிருந்தால் பாடம் செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள். கழன்ற முடியைத் திரும்ப ஊன்றும் மருந்து எதுவும் கிடையாது. இருப்பதாகச் சொல்லி விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சதை எவ்வளவு எடுக்கணும்? ரொம்ப எடுத்தா ஓட்டை விழுதே.

சிவப்பும் கொழுப்பும் போய், சதைப்பக்கம் முழுக்க நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிய வேண்டும். சிவப்பு தசை, வெள்ளையாகத் திரண்டிருப்பது கொழுப்பு, கண்ணாடி மாதிரி உரிந்து வருவது சவ்வு. மூன்றும் போக வேண்டும். கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது, பிற்பாடு எண்ணெய் கசிந்து முடியையும் மஞ்சளாக்கும்.

ஆறு அங்குல பிவிசி குழாயைச் சுவரில் சாய்த்து அதன் மேல் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியால் கழுத்திலிருந்து வால் பக்கமாகத் தள்ளுங்கள். அறுக்கும் கோணம் வேண்டாம், வழிக்கும் கோணம். தோலுக்கு அடியில் ஒரு முடிச்சோ மடிப்போ இருந்தால் அங்கேதான் ஓட்டை விழும். முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தி போடுங்கள். முயலுக்குக் கத்தியே வேண்டாம், பெருவிரலால் சவ்வை உருட்டி உரியுங்கள். நனைந்த அப்பளம் மாதிரி கிழியும் தோல் அது. ஓட்டை விழுந்தால் பதறாதீர்கள், முடிப்பக்கம் தெரியாமல் பிறகு தைக்கலாம்.

வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மீதித் தோலை ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிட்டுப் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

காது, உதட்டையும் இப்பவே பண்ணணுமா? நாளைக்குப் பண்ணலாமா?

இப்போதே. முடி முதலில் கழலும் இடங்கள் இவை, உருக்கும் கேள்வியில் சொன்ன அதே காரணத்தால். காதின் பின்பக்கத் தோலைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து, காலுறையைத் திருப்புவதுபோல நுனி வரை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். உதட்டின் உள்தோலையும் வெளித்தோலையும் நடுவில் கீறிப் புத்தகம் போலத் திறக்க வேண்டும். இமைக்கும் மூக்குக்கும் இதேதான். ஆட்டின் காது நீளமாக இருப்பதால் மழுங்கிய மரக்குச்சி ஒன்று உதவும். ஃப்ரீசரில் உலர்ந்து விறைத்த காது என்றால், உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து ஃபிரிட்ஜில் சில மணி நேரம் விட்டுவிட்டுத் திருப்புங்கள்.

கல் உப்பு போதுமா? எவ்வளவு போடணும்?

கல் உப்பை அப்படியே போட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உப்பு படாத இடம் இருக்கும். பொடித்துப் போடுங்கள், இல்லை தூள் உப்பு வாங்குங்கள். அயோடின் கலந்தது என்றால் குடி முழுகிப் போகாது. சதை எடுத்த தோலின் எடைக்குச் சமமான எடை உப்பு நல்லது, குறைந்தபட்சம் பாதி. ஓரம், காது, காலிடுக்கு, வால் என்று எல்லா இடத்திலும் கையால் அழுத்தித் தேய்த்து, சரிவான பலகையில் தண்ணீர் வடியும்படி வையுங்கள். ஒரு நாள் கழித்து நனைந்த உப்பை உதறிவிட்டுப் புதிதாக இன்னொரு முறை. உதறியதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். உப்பளத்து உப்பில் உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, ஈரத் தோலில் அவை பெருகினால் சிவப்பாகத் திட்டு விழும்.

ரெண்டு நாளாகியும் காயவே மாட்டேங்குது. உப்பு பத்தலையா?

உப்பைக் குறை சொல்லாதீர்கள், காற்றைச் சொல்லுங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தினசரி நிலவரம். சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். வெளிநாட்டு வீடியோக்களில் தோல் அட்டையாகக் காய்வது அவர்கள் ஊர் உலர்காற்றால். இங்கே ஏசி அறையில், மின்விசிறி காற்றில் வையுங்கள். முழுக்கக் காய்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தண்ணீர் வடிவது நின்று தோல் விறைப்பானால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நடுவுல கரண்ட் போச்சு, தோல் இளகிடுச்சு. மறுபடி ஃப்ரீசர்ல போடலாமா?

உப்பு போடாத தோல், இன்னும் ஜில்லென்று இருக்கிறது என்றால் ஒருமுறை போடலாம். ஆனால் உறைந்து உருகும்போதெல்லாம் பனித்துகள்கள் தோலின் செல்களைக் கிழிக்கின்றன, முடியின் பிடி தளர்கிறது. என்னைக் கேட்டால் அன்றைக்கே உட்கார்ந்து சதை எடுத்து உப்பைப் போட்டுவிடுவது மேல். உப்பு போட்ட தோலை ஃப்ரீசரில் வைப்பதில் அர்த்தமில்லை, உப்பு ஏறிய தோல் சரியாக உறையாது.

உப்பு போட்டாச்சு, படிகாரம் தடவி முடிச்சிடலாமா?

சுவரில் மாட்டும் முயல் தோல் என்றால் படிகாரமும் உப்பும் ஓரளவு போதும். ஆனால் படிகாரம் தண்ணீர் பட்டால் வெளியேறிவிடும், மழைக்கால ஈரத்தில் தோல் தளர்ந்து முறுக்கும். அச்சின் மேல் நிற்க வேண்டிய பாடத்துக்கு அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு பதனிடுவதே வழி.

வீட்டில் கையாளக்கூடியது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் உப்பு, 20 முதல் 25 கிராம் எலுமிச்சை உப்பு. பிளாஸ்டிக் வாளிதான், அலுமினியப் பாத்திரம் ஆகாது. உப்பைக் குறைக்கவே கூடாது. உப்பில்லாத அமிலத்தில் தோல் உப்பி வீணாகும். பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2.5க்குக் கீழேயே இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கொளத்தூரில் மீன்தொட்டிக்கு வாங்கும் பிஎச் காகிதப் பட்டை இதற்கு உதவாது, அது 6க்கு மேல்தான் காட்டும். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் 1 முதல் 14 வரை காட்டும் பட்டை கேளுங்கள். மூன்று நாளாவது ஊறட்டும், தினம் கிளறுங்கள். எடுத்ததும் லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் அலசினால் அமிலம் தணியும். பிளீச்சிங் பவுடரை இந்த வாளியின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

நாய் செத்துப்போச்சு, முழுசா ஃப்ரீசர்ல வெச்சிருக்கோம். இதே முறைதானா?

இல்லை. முழு உடலில் குடல்தான் முதலில் அழுகும், அதற்கு மேலே இருக்கும் வயிற்றுத்தோல்தான் முதலில் போகும். உடல் முழுக்க உருகும் வரை காத்திருக்கக் கூடாது. தோல் பிரியும் அளவுக்கு இளகியதும், உள்ளே இன்னும் பனி இருக்கும்போதே உரிக்கத் தொடங்க வேண்டும். வெறிநோய்ச் சந்தேகம் துளி இருந்தாலும் தொடக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் நாயின் முகம் உங்களுக்கு மனப்பாடம். எவ்வளவு தேர்ந்த கை செய்தாலும் அந்தப் பார்வை வராது. முதல் பாடமாக இதை எடுக்காதீர்கள், துக்கம் ஆறும் வரை ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.

தாத்தா காலத்து மான் தலையில பூச்சி விழுது. அதையும் ஃப்ரீசர்ல வைக்கலாமா?

முதலில் அதை வைத்திருக்க வனத்துறை தந்த உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் காட்டாமல் விட்டவர்களுக்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதிலும் பதிவாகவில்லை என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சான்றிதழ் இருந்தாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் காலத்துப் பாடங்களுக்கு ஆர்சனிக் சோப்பு பூசுவது வழக்கம், தூசியிலும் அது இருக்கும். குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில் மாட்டாதீர்கள்.

பூச்சிக்கு ஃப்ரீசர் நல்ல மருந்துதான். காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடிய பிளாஸ்டிக் உறையில், மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு இதுவரை சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: உடனே திறக்காதீர்கள், ஒரு நாள் உறைக்குள்ளேயே அறைச்சூட்டுக்கு வரட்டும். காற்றின் ஈரம் உறையின் மேல் வியர்க்கும், தோலின் மேல் படாது. வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.